பழைய வண்டி, புதுக் கேள்வி: பெயின்ட் கடைசியில்

தாத்தாவின் 1968 அம்பாசிடர் மார்க் 2 தோப்புச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) பல வருடமாக நிற்கிறது. புது பேட்டரி வாங்கிவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?
*வாசகர், பொள்ளாச்சி*

வேண்டாம். பேட்டரி இன்னும் கொஞ்ச நாள் பெட்டியிலேயே இருக்கட்டும். நின்றுபோன வண்டியை முதலில் செல்ஃப் அடித்துப் பார்க்கும் ஆசையால்தான் எங்கள் பட்டறைகளுக்கு வேலை வந்துகொண்டே இருந்தது. சிலிண்டர் சுவரில் துரு பிடித்திருக்கும், பிஸ்டன் ரிங் அதோடு ஒட்டியிருக்கும். செல்ஃப் மோட்டார் வலுவாக இழுத்தால் ரிங் உடைந்து சுவரைக் கீறிவிடும். அப்புறம் சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் ரீபோர் வேலைதான்.

நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு மூன்று கரண்டி இஞ்சின் ஆயில் விட்டு இரண்டு நாள் சும்மா விடுங்கள். வண்டியோடு வந்த ஹேண்டில் இருந்தால் முன்பக்கத்துத் துளையில் செருகி, கியர் நியூட்ரலில் இருக்க மெதுவாகச் சுற்றுங்கள். பிடிக்கும்போது கட்டை விரலும் மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும். ஹேண்டிலைக் கட்டை விரலால் வளைத்துப் பிடிக்கக் கூடாது. கீழே இருந்து மேலே இழுக்க வேண்டும், மேலே இருந்து கீழே அமுக்கக் கூடாது. பிளக் இல்லாதபோது இஞ்சின் திருப்பி அடிக்காது, உண்மைதான். ஆனால் பிளக் மாட்டிய பிறகும் அதே கைதானே சுற்றப் போகிறது? பழைய டிரைவர்களில் மணிக்கட்டு உடைந்தவர்கள் எல்லாரும் பிடி தெரியாமல் ஹேண்டில் அடித்தவர்கள்.

சுற்றவில்லை என்றால் மேலும் ஆயில், மேலும் சில நாள். முரட்டு பலம் வேண்டாம். சுற்றுகிறது என்றால் பழைய இஞ்சின் ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். பேட்டரியைக் கீழே சொல்கிறபடி மாட்டி, பிளக் மாட்டாமலேயே செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் பாதி கிணறு தாண்டியாயிற்று.

டேங்கில் இருப்பது இப்போது பெட்ரோல் இல்லை. மூடியைத் திறந்தால் வார்னிஷ் வாடை அடிக்கும். அதை வடித்துக் கழுவும்வரை ஒரு சின்ன கேனிலிருந்து தனி ஹோஸ் போட்டு பம்புக்கு பெட்ரோல் கொடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் பாயின்ட் (பிளக்குக்குப் பொறி வர மின்சாரத்தை வெட்டி விடும் சின்ன ஸ்விட்ச்) மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் இருக்கும். நைஸ் எமரித் தாளால் லேசாகத் தேய்த்து, இடைவெளியை 15 தவ் வையுங்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, மில்லிமீட்டரில் சுமார் 0.4. அந்த 1489 சிசி இஞ்சினுக்கு வால்வை இயக்கும் டேப்பெட்டின் இடைவெளியும் அதே 15 தவ்தான், இஞ்சின் ஆறியிருக்கும்போது. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, 1-3-4-2. பிளக் ஒயர்களைக் கழற்றும் முன் காகிதத்தில் படம் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பேட்டரிக்கு வருவோம். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வழி வந்த வண்டிகளில் பல பாசிட்டிவ் எர்த். அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் இணைந்திருக்கும். இன்றைய வழக்கத்தில் நெகட்டிவைப் பாடியில் மாட்டினால் டைனமோவோடு சண்டை வரும். தெரிந்துகொள்வது எளிது. பேட்டரியின் பாசிட்டிவ் முனை நெகட்டிவைவிடக் கொஞ்சம் தடிமன். பாடியில் திருகியிருக்கும் பழைய ஒயரின் கவ்வு எந்த முனையில் சரியாக உட்காருகிறது என்று பாருங்கள். இடையில் யாராவது மாற்றியிருக்கலாம், அதனால் டைனமோவையும் ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டு மாட்டுங்கள்.

இஞ்சின் உறுமியதும் ஊருக்குள் ஒரு ரவுண்டு போகக் கை அரிக்கும். போகாதீர்கள். அந்த வண்டியின் பிரேக் ஒரே சர்க்யூட். நான்கு சக்கரத்தில் ஏதோ ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலும் பெடல் தரைக்குப் போய்விடும், மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும். எல்லா சிலிண்டரையும் கழற்றி ரப்பர் மாற்றி, ஹோஸ் மாற்றி, புது பிரேக் ஆயில் ஊற்றி, பிரேக் குழாயில் காற்று எடுத்த பிறகுதான் கேட்டைத் திறக்க வேண்டும். டயரில் பூ எவ்வளவு இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் தூக்கிப் போடுங்கள். 5.90-15 அளவு இன்னும் தேடினால் கிடைக்கிறது.

என் கணவர் ஒரு பழைய பியட் வாங்கி ஆறு மாதமாகச் சம்பளத்தைக் கொட்டுகிறார். முதலில் பெயின்ட் அடித்தார், பளபளவென்று இருக்கிறது. ஆனால் நகரவில்லை. இது எப்போது முடியும்?
*வாசகி, திருப்பூர்*

உங்கள் கணவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள், சண்டைக்கு நான் பொறுப்பில்லை.

பெயின்ட் முதலில் அடித்தவர் யாரும் அதே பெயின்டோடு வேலையை முடித்ததை நான் பார்த்ததில்லை. காரணம் ஒன்றல்ல. இஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கும்போது எங்காவது இடிக்கும். அடிப்பாகத்தில் துருவைத் தட்டினால் ஓட்டை விழும், வெல்டிங் வைக்க வேண்டும், வெல்டிங் வைத்தால் மேலே பெயின்ட் கொப்புளிக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி பிரேக் ஆயில். நாம் வழக்கமாக ஊற்றும் டாட் 3, டாட் 4 ஆயில் பெயின்ட்மேல் சிந்தி, உடனே தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால், பெயின்ட் சுருங்கித் தோலாக உரிந்து வரும். பிரேக் வேலை பார்த்தால் ஆயில் சிந்தாமல் இருக்காது. ஆகவே பிரேக்குக்குப் பிறகுதான் பெயின்ட்.

நான் சொல்லும் வரிசை இது: நிற்பதற்கு உரியது முதலில், அதாவது பிரேக், ஸ்டீயரிங், டயர். அப்புறம் ஒயரிங், ஏனென்றால் பழைய துணி சுற்றிய ஒயர் உதிர்ந்தால் வண்டியே எரியும். அப்புறம் ரேடியேட்டர், அப்புறம் இஞ்சின், அப்புறம் சீட்டு. வண்டி ஒரு மழைக்காலம் முழுக்க ஓடி, எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்த பிறகு பெயின்ட். எப்போது முடியும் என்று கேட்டீர்கள். முடியாது அம்மா. ஆனால் ஓட ஆரம்பித்தால் கோபம் குறையும், ஒருமுறை குடும்பத்தோடு அவிநாசி கோயிலுக்குப் போய் வாருங்கள்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று விலைக்கு வருகிறது. நம்ம ஊர் வண்டி என்று ஆசை. என்ன பார்த்து வாங்க வேண்டும்?
*வாசகர், தாம்பரம்*

உங்களுக்கு நிஜமாகவே பக்கத்து ஊர் வண்டி. பெருங்களத்தூர் தொழிற்சாலையில் 1961 முதல் வந்தது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் மூலம், வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. இந்தியாவில் 1968-ல் நான்கு கதவு போட்டார்கள். இங்கிலாந்துக்காரன்கூடச் செய்யாத வேலை அது. பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒன்றாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். முன் டயர் மேலே உட்கார்ந்துகொண்டு டேப்பெட் பார்க்கலாம், மெக்கானிக்கின் முதுகைப் பற்றி யோசித்த ஒரே கார் என்பேன். திரும்பும் வட்டம் 25 அடி, சந்து பொந்தில் ஆட்டோவுக்குப் போட்டி.

இந்த அழகுக்கெல்லாம் கீழே ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த இரும்புத் துண்டின் அடி முனையில் மரை வெட்டியிருக்கும். அது டிரன்னியன் என்ற வெண்கலக் கூட்டுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் இரும்பு மரை வெண்கல மரைக்குள் சுழலும். அந்த இடத்துக்குக் கியர் ஆயில், ஈ.பி. 90, விட வேண்டும். நம் ஊர் சர்வீஸ் ஸ்டேஷனில் நிப்பிள் எங்கே தெரிந்தாலும் கிரீஸ் கன்னை வைத்து அமுக்குவார்கள். கிரீஸ் அந்த மரைக்குள் ஏறாது, வாயிலேயே கெட்டியாகி அடைத்துவிடும். உள்ளே தண்ணீர் தங்கும், இரும்பு அரிக்கும், ஒருநாள் மெதுவாகத் திரும்பும்போது கழுத்து முறிந்து சக்கரம் மடங்கிவிடும்.

ஆகவே முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பிப் பாருங்கள். நடுவில் கனத்தால் சந்தேகம். டிரன்னியன் பக்கம் கெட்டியான கிரீஸ் தெரிந்தால், விலையில் இரண்டு பக்கத்துக்கும் புதுசு போடும் காசைக் கழித்துவிட்டுப் பேசுங்கள். வாங்கியபின் ஒரு பழைய கிரீஸ் கன்னைச் சுத்தமாகக் கழுவி, அதில் கியர் ஆயில் நிரப்பி, மேல் சீலில் ஆயில் எட்டிப் பார்க்கும்வரை ஏற்றுங்கள். அந்தக் கன்னை வேறு எதற்கும் கொடுக்காதீர்கள்.

அடுத்து, இது சேசிஸ் தனியாக உள்ள கார். சேசிஸிலிருந்து பக்கவாட்டில் கைபோல நீளும் இரும்புகளைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். சத்தம் 'டங்'கென்று வர வேண்டும், 'தொப்'பென்று வந்தால் துரு. பின்பக்கம் குறுக்கே ஒரே ஒரு கமான் பட்டைதான், ஆக்ஸில்கள் தனித்தனியாக ஆடும். வளைவில் வேகமாகப் போய், பயந்து ஆக்ஸிலேட்டரை சட்டென்று விட்டால் பின் சக்கரம் உள்ளே மடிந்து வண்டி சுழலும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் காலை ஒரே நிலையில் வையுங்கள்.

உதிரி பாகம் கிடைக்குமா என்று அடுத்து கேட்பீர்கள். இன்ஜின், கீழ்ப்பாகச் சாமான் கிடைக்கும், ஏனென்றால் ஸ்பிட்ஃபயர் என்ற டிரையம்ப் ஸ்போர்ட்ஸ் காரும் இதே குடும்பம். அதற்கு இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். இந்திய நான்கு கதவு மாடலின் பின்கதவு, கண்ணாடி, பீடிங் இவைதான் தலைவலி. அவை வண்டியில் முழுசாக இல்லையென்றால் நான் வாங்க மாட்டேன்.

டீசல் இஞ்சின் போட்ட பழைய அம்பாசிடரில் பவர் ஸ்டீயரிங்கும் ஏசியும் போடலாமா?
*வாசகர், மதுரை*

போடலாம். அப்புறம் இந்தப் பகுதிக்கு எழுத வேண்டியிருக்காது.

1950-களின் ஆஸ்டின் ஏ40 எங்களிடம் இருக்கிறது. ஆர்.சி. புக் பத்திரம். எம்.டி. என்று தொடங்கும் பழைய எண். விண்டேஜ் பதிவு செய்தால் எண் போய்விடுமா? தினமும் ஆபீசுக்கு ஓட்டலாமா?
*வாசகர், குன்னூர்*

எண் போகாது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த திருத்தம் இது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இஞ்சின் மூன்றும் பெரிதாக மாறாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவு செய்கிற வண்டிக்கு மட்டும் மாநில எழுத்துக்குப் பின் 'வி.ஏ.' வரும் புது வரிசை. படிவம் 20, இன்ஷூரன்ஸ், பழைய ஆர்.சி., இறக்குமதி வண்டியென்றால் பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்கச் சீட்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 என்று அந்தத் திருத்தத்தில் கட்டணம். பதிவு 10 வருடம் செல்லும்.

ஆனால் ஆபீசுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர், இவற்றுக்குப் போய்வர மட்டும்தான். அதனால் ஒரு நிமிடம் யோசியுங்கள். உங்கள் வண்டி எஃப்.சி. வாங்கி, வழக்கமான மறுபதிவில் ஓடிக்கொண்டிருந்தால், அதிலேயே இருப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. கட்டணமும் வரியும் கூடத்தான் செய்யும். இருந்தாலும் வாரச் சந்தைக்குப் போகலாம், பெண்ணை ஸ்கூலில் விடலாம். ஓடாமல் நிற்கும் வண்டியில் பிரேக் சிலிண்டர் இறுகும், சீல் காயும், கார்புரேட்டர் அடைக்கும். ராலிக்கு மட்டும் வெளியே வருகிற கார்கள்தான் ராலியில் நடுரோட்டில் நிற்பவை.

ஒரு தகவல்: உங்கள் ஏ40 அநேகமாக எண்ணூரில் கோர்த்ததாக இருக்கும். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் இந்தக் காரைத்தான் கோர்த்தது. 1955-ல் அதுவே அசோக் லேலண்ட் ஆகி லாரிப் பக்கம் போய்விட்டது. பானெட்டுக்குள் சின்னத் தகடு ஏதாவது இருந்தால் பெயின்ட் அடித்து மூடிவிடாதீர்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய இஞ்சினைக் கெடுக்குமா?
*வாசகர், சேலம்*

இஞ்சினைவிட அதற்குப் போகும் வழியைக் கெடுக்கும். இருபது சதவீத எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை ஊதவைத்து உதிர்க்கும், பம்பில் உள்ள டயாஃப்ரத்தைக் கெட்டியாக்கும், காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து டேங்கின் அடியில் சேர்க்கும். ஹோஸ்களை ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்குப் போடும் தரத்தில் மாற்றுங்கள், பம்புக்குப் புது கிட் போடுங்கள். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருக்கிறது, ஆகவே காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை மெலியும். இழுவை குறைந்து வண்டி சூடானால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்கிப் பாருங்கள். மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

எல்லாரும் எத்தனாலைப் பற்றிக் கேட்கிறார்கள், ஈயத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. பழைய இரும்பு ஹெட்டில் வால்வு உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம்தான் மெத்தை. அது இல்லாமல் நெடுந்தூரம் வேகமாக ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் புதையும். அடையாளம்: சரியாக வைத்த டேப்பெட் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வரும். அப்படி வந்தால் ஹெட்டைக் கழற்றிக் வால்வு உட்காரக் கெட்டியான வால்வு சீட் போடச் சொல்லுங்கள்.

கிடைக்காத பாகத்தை கோவையில் வார்த்துத் தருவார்களா?
*வாசகர், திண்டுக்கல்*

தருவார்கள். ஆனால் பழைய பாகத்தையே மணலில் அழுத்தி வார்க்கச் சொல்லாதீர்கள். வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் ஒரு சதவீதம் சுருங்கும், அலுமினியம் அதைவிடக் கொஞ்சம் அதிகம். வருவது மாட்டாது. அந்தச் சுருக்கத்துக்கும் கடைசல் வேலைக்கும் சேர்த்துப் பெரிதாக ஒரு பேட்டர்ன், அதாவது மணலில் அழுத்தும் மாதிரி, செய்யச் சொல்லுங்கள். அதற்கு முன் பழைய உதிரி பாகம் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் ஒரு நாள் சுற்றுங்கள், கையில் பழைய பாகத்தோடு. வாயால் சொன்னால் வேறு எதையாவது தலையில் கட்டுவார்கள். பியட் வைத்திருப்பவர்கள் இப்போதே சேர்த்துக்கொள்வது நல்லது. மும்பையில் பியட்டின் இந்திய வடிவமான பத்மினி டாக்சி 2023 அக்டோபரோடு ரோட்டை விட்டுப் போய்விட்டது. சாமான் செய்தவர்கள் அந்த டாக்சிகளை நம்பித்தான் செய்தார்கள்.

அப்பாவின் 1967 டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரியைப் புதுப்பிக்க ஆசை. மரக் கேபின் உளுத்துவிட்டது. இரும்பில் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். அப்போது ஒரிஜினல் கெட்டுவிடாதா?
*வாசகர், நாமக்கல்*

கெட்டுவிடும். நாமக்கல்காரர் கேட்கிற கேள்விதான் இது, சந்தோஷம்.

டாடாவின் டெல்கோ கம்பெனியும் டைம்லர்-பென்ஸும் 1954-ல் சேர்ந்து லாரி செய்ய ஆரம்பித்தன. ஒப்பந்தம் 15 வருடம், 1969-ல் முடிந்ததும் முகப்பில் நட்சத்திரம் போய் டாடாவின் 'டி' வந்தது. உங்களுடையது நட்சத்திரக் காலத்து வண்டி. ஆனால் தொழிற்சாலை கொடுத்தது சேசிஸும் முன்முகமும்தான். ஓட்டுநர் உட்காரும் கேபினும் பின் தொட்டியும் உங்கள் ஊர்ப் பக்கத்து ஆசாரிகள் கட்டியவை. ஆகவே அந்த மரம்தான் ஒரிஜினல். உளுத்த பலகையைக் கழற்றி எறியும் முன் ஒவ்வொன்றையும் பிளைவுட்டில் வைத்து வரைந்து அச்சு எடுங்கள். கதவு மூலையில் உள்ள மூட்டு, மேலே லக்கேஜ் கேரியர் தாங்கும் வளைவு இவற்றைப் போட்டோ எடுங்கள். பாடி கட்டும் பட்டறைகளில் வயதான ஆசாரி ஒருவராவது இருப்பார், அவரைக் கூட்டி வாருங்கள்.

மற்றபடி கமான் பட்டைகளைக் கழற்றி, ஒடிந்ததை மாற்றி, ஷேக்கிள் பின்னுக்குக் கிரீஸ் ஏறும் வழியைத் திறந்துவிடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. அந்தச் சக்கரத்தில் ரிம்மும் வளையமும் தனித்தனி. துருப்பிடித்த பூட்டு வளையம் காற்றடிக்கும்போது தெறித்தால் ஆள் பிழைக்க மாட்டான். கழற்றும் முன் வால்வு ஊசியை எடுத்துக் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். திரும்ப மாட்டியபின் கூண்டுக்குள் வைத்தோ சங்கிலி சுற்றியோதான் காற்று. எதிரில் யாரும் நிற்கக் கூடாது.

பதிவு விஷயத்தில் ஒரு வருத்தம்: மேலே சொன்ன விண்டேஜ் விதி இரு சக்கர வண்டிக்கும் காருக்கும்தான், லாரிக்கு இல்லை. அதனால் ஆர்.சி.யை உயிரோடு வைத்திருக்கும் வேலையை கேபின் வேலைக்கு முன்பே ஆரம்பியுங்கள்.

கல்லூரி முதல் வருடம் படிக்கிறேன். லைசென்ஸ் வந்துவிட்டது. அப்பாவின் அம்பாசிடரில் ஓடும்போது ஃபர்ஸ்ட் கியர் போட்டால் 'கறகற' என்கிறது. அப்பா என்னைத் திட்டுகிறார். தப்பு என்னுடையதா, வண்டியுடையதா?
*வாசகி, ஈரோடு*

இரண்டு பேருடையதும் இல்லை கண்ணு. அந்த கியர் பாக்ஸில் ஃபர்ஸ்ட் கியருக்கு மட்டும் சின்க்ரோ கிடையாது. மற்ற மூன்று கியரும் தானாக வேகத்தைச் சமன் செய்துகொள்ளும், இது செய்யாது. நீதான் செய்ய வேண்டும். அதற்குப் பெயர் டபுள் கிளட்ச்.

கிளட்ச்சை மிதித்து செகண்டிலிருந்து நியூட்ரலுக்கு வா. கிளட்ச்சை விடு. ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டு, இஞ்சின் லேசாக உறுமட்டும். மறுபடி கிளட்ச்சை மிதித்து, உறுமல் இறங்குவதற்குள் ஃபர்ஸ்டில் தள்ளு. வேகம் பொருந்தினால் கியர் வெண்ணெயில் கத்திபோல் இறங்கும். பொருந்தாவிட்டால் கறகற. காலி மைதானத்தில், மணிக்கு பத்துக் கிலோமீட்டருக்குள், காதை வைத்துப் பழகு. அப்பாவைப் பக்கத்து சீட்டில் உட்கார வைக்காதே.

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஜாவா, யெஸ்டி பற்றியவை. டூ ஸ்ட்ரோக் என் பாடம் இல்லை. தெரிந்த ஒருவரைப் பிடித்து வைத்திருக்கிறேன், அடுத்த இதழில் அவர் பதில் சொல்வார்.